மஞ்சள் கிட்டங்கியைப் பயிற்சி மையமாக்குவது எப்படி: கொங்குப் பக்கம் பழைய கட்டடம் தேடுவோருக்கு

ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மஞ்சள் மண்டியின் கிட்டங்கியை, அதாவது சரக்குக் கிடங்கை, வாடகைக்குப் பிடித்து, போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பும் படிப்பகமும் நடத்துகிறோம். வைகாசியில் இடத்தைப் பார்த்தபோது நாலு மாதத்தில் திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். திறந்தது அடுத்த ஆவணியில். நடுவில் பதினைந்து மாதம். அதில் பாதிக்கு மேல் எங்கள் தப்பு.

திருப்பூரில் பருத்திக் கொட்டை நீக்கும் ஜின்னிங் பேக்டரி, காங்கேயத்தில் அரிசி ஆலை, பொள்ளாச்சியில் கொப்பரைக் கிட்டங்கி, கரூரில் ஜவுளிக் கிடங்கு என்று நம் பக்கம் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களுக்குக் குறைவில்லை. உயரமான கூரை, தடித்த சுவர், நடுவில் தூண் இல்லாத கூடம். வகுப்பறைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் பழைய தொழில் அந்தக் கட்டடத்தை விட்டு லேசில் போகாது. சுவரில் இருக்கும், தரையில் இருக்கும், பத்திரத்திலும் கரண்டு அட்டையிலும் இருக்கும். ஒவ்வொன்றாக வெளியேற்றுவதுதான் வேலையே.

1. என்ன நடத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நாங்கள் முதலில் நினைத்தது மழலையர் பள்ளி. கட்டடத்தைப் பார்த்து ஆசைப்பட்ட பிறகுதான் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். அது தலைகீழான வரிசை.

பள்ளி என்றால் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2018, அதன் கீழ் வந்த 2023 விதிகள், மத்திய அரசின் 2009 கல்வி உரிமைச் சட்டம் எல்லாம் வரும். விளையாட்டு இடம், சுற்றுச்சுவர், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், தடையில்லாத நுழைவு இவை கட்டாயம். குறைந்தபட்ச நில அளவும் உண்டு. மண்டித் தெருவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய கிட்டங்கிக்கு விளையாட்டு இடத்துக்கு எங்கே போவது? எங்கள் பள்ளிக் கனவு அன்றைக்கே முடிந்தது. பின்னால் களம் உள்ள ஜின்னிங் பேக்டரியோ அரிசி ஆலையோ கிடைத்தால் பள்ளிக்கு வாய்ப்பு உண்டு. மாவட்டக் கல்வி அலுவலகத்தில், தனியார் பள்ளிகளைப் பார்க்கும் பிரிவில், உங்கள் ஊருக்கும் பள்ளி வகைக்கும் நில அளவு எவ்வளவு, குத்தகை எத்தனை ஆண்டுக்கு இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் கட்டடம் தேடுங்கள்.

பயிற்சி மையம் என்றால் இத்தனை இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழ் சேர்க்கக் கூடாது, ஒரு வகுப்பில் ஆளுக்கு ஒரு சதுர மீட்டராவது இடம் வேண்டும் என்பன அதில் உள்ளவை. நாற்காலி வாங்குவதற்கு முன் கூடத்தை அளந்து பாருங்கள்.

2. பத்திரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்

பழைய மண்டிகள் பெரும்பாலும் கூட்டுக் குடும்பச் சொத்து. சாவி வைத்திருப்பவர் ஒருவர், உரிமைக்காரர்கள் ஏழு பேர். எங்களிடம் பேசிய பெரியவர், "நாஞ் சொன்னாப் போதுங்க, தம்பிகெல்லாம் தட்ட மாட்டானுங்க" என்றார். தம்பிகள் தட்டவில்லைதான். தங்கைகளைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலேயே பரம்பரைச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு வந்துவிட்டது. சிங்காநல்லூரில் கட்டிக்கொடுத்த ஒரு தங்கை கையெழுத்துப் போட ஆறு வாரம் எடுத்துக்கொண்டார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தக் கோபம் அவருக்கு.

வாங்க வேண்டியவை: மூலப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பட்டா (நகரம் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல்), புல வரைபடம், வாரிசுச் சான்று, நடப்புச் சொத்துவரி ரசீது. வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். மிகப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். சோம்பல் படாமல் போடுங்கள், பழைய அடமானம் ஏதாவது அங்கேதான் உறங்கிக் கிடக்கும். கோயில் நிலமா, வக்ஃபு நிலமா என்பதையும் பார்த்துவிடுங்கள். மண்டித் தெருக்களில் இது அபூர்வமில்லை.

இன்னொன்று. கட்டடம் நாமக்கல் கோட்டை, சங்ககிரிக் கோட்டை மாதிரி மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால், 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, பழுது பார்க்கவே அனுமதி வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்டவும் அனுமதி வேண்டும்.

3. முன்பணம் கொடுக்கும் முன் பொறியாளரைக் கூட்டிப் போங்கள்

கட்டட உறுதிச் சான்று தரத் தகுதியுள்ள பொறியாளராக இருக்கட்டும். நண்பரின் மச்சான் சிவில் படித்திருக்கிறார் என்பது இங்கே உதவாது. நாளை சான்றில் கையெழுத்துப் போடப் போகிறவரே இன்றைக்கு வந்து பார்க்க வேண்டும். எங்களிடம் முதல் பார்வைக்கு 8,000 ரூபாய் வாங்கினார். அந்த 8,000 ரூபாயைச் செலவழித்தது முன்பணம் கொடுத்த பிறகு என்பதுதான் வருத்தம்.

அவர் வருவதற்கு முன் நீங்களே சிலதைப் பார்க்கலாம். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நடு உத்திரம் பர்மாத் தேக்கு, இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் சுவருக்குள் போன ஒரு சாண் ஈரம் குடித்துக் கரையான் தின்றிருக்கும். எங்கள் பதினாலு உத்திரத்தில் நாலுக்கு முனை இல்லை. சுவரில் குறுக்காக, படிக்கட்டு மாதிரி ஓடும் வெடிப்பு இருந்தால் அஸ்திவாரம் பேசுகிறது என்று அர்த்தம். பூச்சில் மட்டும் மயிர்போல ஓடுவதற்குப் பயப்பட வேண்டாம்.

ஜின்னிங் பேக்டரி என்றால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். பெல்ட்டும் ஷாப்ட்டும் ஓடிய பள்ளங்களை மண் போட்டு மூடி மேலே ஒரு அங்குலம் சிமெண்ட் பூசியிருப்பார்கள். அரிசி ஆலை என்றால் ஊறல் தொட்டிகளைப் பாருங்கள்.

நிலவறையோ குழியோ இருந்தால் அதை வகுப்பாகவோ படிப்பகமாகவோ மாற்றும் யோசனையே வேண்டாம். 2024 ஜூலையில் டெல்லி ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலத்தடி நூலகத்தில் மழைத் தண்ணீர் புகுந்து 3 பேர் இறந்தார்கள். மரப்படி வைத்த மச்சும் அதே கதைதான். சூரத்தில் 2019 மே மாதம் மேல்மாடிப் பயிற்சி வகுப்பில் தீப்பிடித்தபோது இறங்க வழியில்லாமல் 22 பேர் போனார்கள்.

4. ஒப்பந்தம்: பதினொரு மாதக் காகிதம் வேண்டாம்

வீட்டுக்காரர் பதினொரு மாத ஒப்பந்தம் போடலாம் என்பார், பதிவுச் செலவு மிச்சம். பதினைந்து லட்சம் செலவு செய்யப் போகிற கட்டடத்துக்குப் பதினொரு மாதக் காகிதம் எந்த மூலைக்கு? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். 30 ஆண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் (உச்சவரம்பு 20,000 ரூபாய்) என்று கட்டினோம். மாதம் 30,000 ரூபாய், 9 ஆண்டு. மொத்த வாடகை 32 லட்சத்து 40 ஆயிரம். தீர்வை 32,400, பதிவு 20,000. முன்பணத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடும். கட்டப் போகும் அன்றைய விகிதத்தைப் பதிவுத் துறை தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: கல்விப் பயன்பாட்டுக்கு மாற்ற உரிமையாளர்கள் அனைவரும் சம்மதிப்பதாக ஒரு வரி, அனுமதி மனுக்களில் கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரம், கூரைச் செலவு யாருடையது, நாம் போட்ட கதவு சன்னல் போகும்போது யாருக்கு. அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரியை நாங்கள் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

பேரம் பேச நல்ல மாதம் ஆடி. அந்த மாதம் யாரும் குடி போக மாட்டார்கள், பேச மட்டும் செய்யலாம். ஆடியில் பேசி ஆவணி முதல் முகூர்த்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை வேண்டாம் என்று கேளுங்கள், ஆறு மாதம் கேட்டால் மூன்று மாதமாவது கிடைக்கும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு மாதம் காலிக் கட்டடத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் கட்டினோம்.

உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவரா என்றும் கேளுங்கள். வணிகக் கட்டட வாடகைக்கு 18 சதவீதம் மேலே வரும். அவர் பதிவில்லாமல் நீங்கள் பதிவு பெற்றவராக இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த வரியை நீங்களே கட்ட வேண்டும். பயிற்சி வகுப்புக் கட்டணத்துக்கும் 18 சதவீதம் உண்டு, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு. பள்ளிக் கட்டணத்துக்கு இது கிடையாது.

5. பயன்பாட்டு மாற்ற அனுமதி

கட்டடத்தில் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கும் முன் இது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன் கீழ், கிட்டங்கியாக இருந்ததைக் கல்விக் கட்டடமாக மாற்ற அனுமதி வேண்டும். ஒற்றைச் சாளர இணையதளத்தில், பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் உள்ளூர் திட்டக் குழுமத்திலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ உங்கள் புல எண்ணின் நிலப் பயன்பாடு என்ன என்று கேளுங்கள். வணிகப் பகுதி என்றால் ஓரளவு நிம்மதி. தொழிற்பகுதி, விவசாயப் பகுதி என்று வந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றம் தனி ஓட்டம், மாதக் கணக்கில்.

இங்கே இரண்டு குழி உண்டு. முதலாவது, சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது 2,500 சதுர அடி மனைக்குள் கட்டும் வீடுகளுக்கு. உங்களுக்கு இல்லை. இரண்டாவது, பழைய கட்டடத்துக்கு அனுமதி வரைபடமே இருக்காது. இருப்பதை அளந்து புதிதாக வரைய வேண்டும். வரைபவர் சுவர்த் தடிமனைச் சும்மா ஒன்பது அங்குலம் என்று போட்டுவிடுவார். எங்கள் சுவர் இரண்டடி. வரைபடம் திரும்பி வந்து மூன்று வாரம் போனது.

வாகனம் நிறுத்த இடம் கேட்பார்கள். மஞ்சள் காயப்போட்ட முற்றம் இருந்தால் அதைக் காட்டுங்கள்.

6. கூரை

ஐப்பசியில் கூரையைப் பிரிக்காதீர்கள். நாங்கள் பிரித்தோம். தார்ப்பாய் கட்டியிருந்தோம், காற்று அதைப் பக்கத்து மண்டி வாசலில் கொண்டுபோய்ப் போட்டது. இரண்டு நாள் மழையை இரண்டடிச் சுவர் குடித்தது, காய்வதற்குத் தை மாதம் ஆனது. மாசியில் தொடங்கிச் சித்திரைக்குள் ஓட்டு வேலையை முடியுங்கள்.

மங்களூர் ஓட்டைக் கழற்றிக் கழுவித் தட்டிப் பார்த்தால் கணீரென்று சத்தம் வருவது நல்ல ஓடு. எங்களுக்குப் பத்தில் ஏழு தேறியது. உத்திர முனைகளை ஆசாரி வெட்டிப் புதுத் துண்டு இணைத்து இரும்புத் தகடு போட்டு முடுக்கினார், முழு உத்திரம் மாற்றத் தேவைப்படவில்லை. பத்து ஓட்டுக்கு ஒரு கண்ணாடி ஓடு வையுங்கள். கிட்டங்கிக்கு சன்னல் எல்லாம் கழுத்துக்கு மேலே இருக்கும், பகலில் விளக்குப் போடும் செலவு மிச்சமாகும்.

பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்டிருந்தால் உடைத்து இறக்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுசு முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

7. சுவர்: இங்கேதான் எங்கள் மானம் போனது

கூரை முடிந்து சுவருக்கு வெள்ளை அடித்தோம். நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு. காலையில் அடித்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால், வடக்குச் சுவர் இடுப்பு உயரத்துக்குச் சிவந்து நின்றது. திட்டுத் திட்டாக, கீழே வழிந்து, ஆரத்தித் தட்டைச் சுவரில் கொட்டின மாதிரி. என்னமோ ஏதோ என்று பயந்துபோனோம். கொத்தனார் பெரியவர் பீடியை எடுத்துக்கொண்டே, "அறுவது வருச மஞ்சத்தூளுங்க. சுண்ணாம்பைக் கண்டா மஞ்சளு சும்மா இருக்குமா?" என்றார். வீட்டில் ஆரத்தி கரைக்கிற எங்களுக்கு அது தோன்றவில்லை.

சில வாரத்தில் சிவப்பு தானாக மங்கி மஞ்சளுக்குத் திரும்பியது. மறுபடி சுண்ணாம்பு அடித்தால் மறுபடி சிவப்பு. இரண்டு தடவை அடித்துப் பார்த்த பிறகுதான் பெரியவர் முதலிலேயே சொன்னதைச் செய்தோம்: மூட்டை சாய்த்து வைத்த உயரம் வரை பழைய காரையைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயில் படக் கதவைத் திறந்து போட்டு, புதுக் காரை பூசினோம். மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து என்பது சேலை துவைப்பவர்களுக்குத் தெரியும். மஞ்சள் கிட்டங்கி எடுப்பவர்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்து முதலில் இதைச் செய்யுங்கள். வெள்ளை அடிப்பது கடைசி.

பூச்சுக்குச் சிமெண்ட் வேண்டாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். எங்களுக்கு முன் இருந்தவர் ஒரு சுவரில் பூசியிருந்தார், விரலால் தட்டினால் டம்டம் என்றது. சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி மூன்று வாரமாவது ஊற விடுங்கள். ஒன்றுக்கு மூன்று மணல். கடுக்காய், வெல்லம் போடுவதா என்பதைக் கொத்தனாரிடமே விடுங்கள், ஆளுக்கு ஆள் கைப்பக்குவம் வேறு. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைப்பதுதான் கஷ்டம். கோயில் திருப்பணி நடக்கும் இடத்தில் விசாரியுங்கள்.

கிட்டங்கியில் இன்னொரு ஆபத்து, பூச்சிக்கு வைக்கும் மாத்திரை. பரண் மேலே சாம்பல் நிறத்தூள், காலிக் குப்பிகள் கிடந்தால் கையால் கூட்டாதீர்கள். ஈரம் பட்டால் விஷவாயு கிளப்பும் அலுமினியம் பாஸ்பைடாக இருக்கலாம். உரிமம் உள்ள பூச்சி ஒழிப்பு ஆளை வரவழைத்து அகற்றச் சொல்லுங்கள். சுவர் கழுவுவது அதற்கு அப்புறம்தான்.

8. திண்ணையும் ஷட்டரும்

கிட்டங்கித் தரை லாரியின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டியது. எங்களுடையது மூன்றடி. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். மூன்றடிக்கு 36 அடி, நடுவில் நின்று திரும்ப மேடை வேறு. தெருவில் அதற்கு இடம் ஏது? முற்றத்துச் சுவரை ஒட்டி மடித்துக் கட்டினோம். இதை வரைபடம் போடும்போதே போட்டுவிடுங்கள், பின்னால் சேர்த்தால் வாகன இடத்தைத் தின்னும்.

ஷட்டர் வெளிவழியாகக் கணக்கில் வராது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு வேண்டும், எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது இரண்டு. மாடி இருந்தால் படிக்கட்டு ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

9. கரண்டு, கழிப்பறை

பழைய இணைப்பில் பாக்கி இருக்கிறதா என்று இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாக்கி வைத்தவர் யாராக இருந்தாலும் கேட்பது உங்களிடம். ஆலை என்றால் அனுமதித்த மின்பளு தேவைக்கு மேல் இருக்கும், குறைக்க மனுக் கொடுக்காவிட்டால் ஓடாத மோட்டாருக்கும் பணம் கட்டுவீர்கள். கட்டண வகையையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், தனியார் கல்வி நிறுவனத்துக்கு வணிகத்திலிருந்து தனி வகை உண்டு. பயிற்சி மையம் என்பதால் எங்களுக்கு வணிகக் கட்டணமே போட்டார்கள். மரப்பட்டி வயரிங் எதையும் மிச்சம் வைக்காமல் உருவிவிடுங்கள்.

கழிப்பறை இரண்டு வரிசை, கழிவுநீர்த் தொட்டி புதிது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

10. நான்கு சான்றுகள், இந்த வரிசையில்

கட்டட உறுதிச் சான்று பொறியாளரிடம். அதைக் காட்டி வட்டாட்சியரிடம் கட்டட உரிமம், 1965 பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின் கீழ். தீயணைப்புத் துறையிடம் தடையின்மைச் சான்று. சுகாதாரத் துறையிடம் சுகாதாரச் சான்று, இதற்குக் குடிநீர்ப் பரிசோதனை முடிவையும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு இந்த நான்கும் இல்லாமல் அங்கீகாரமே இல்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் போன பிறகு வந்த கண்டிப்பு இது, அலுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. பயிற்சி மையம்தானே என்று நாங்கள் விடவில்லை, நான்கையும் வாங்கினோம்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் காலாவதியாகும். நாலு தேதியையும் வாசலில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் வட்டம் போட்டுவிடுங்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் கோப்பு இரண்டு மாதம் நகரவில்லை. போய்க் கேட்டால், இணைப்பில் சொத்துவரி ரசீது பழையது. யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை நேரில் போங்கள்.

11. எங்கள் செலவு

3,200 சதுர அடிக்கு: கூரை 4 லட்சத்து 60 ஆயிரம், சுவரும் தரையும் 3 லட்சத்து 10 ஆயிரம், வயரிங் 2 லட்சத்து 40 ஆயிரம், கழிப்பறையும் தொட்டியும் 2 லட்சத்து 80 ஆயிரம், சாய்தளம் 90 ஆயிரம், பதிவு, பொறியாளர், மனுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 40 ஆயிரம். ஆக 15 லட்சத்து 20 ஆயிரம். காலி வாடகையும் முன்பணமும் இதில் சேரவில்லை. இதில் வீணாய்ப் போனது என்று பார்த்தால் இரண்டு தடவை அடித்த வெள்ளை, மழையில் போன பூச்சு, கடைசியில் பெயர்த்துக் கட்டிய ஒரு படி. சுமார் ஒன்றரை லட்சம்.

ஓடு மட்டும் 200 கூடுதலாக வாங்கிப் பின் அறையில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு புரட்டாசியிலும் குரங்கும் காற்றும் உடைத்ததை மாற்ற வேண்டியிருக்கிறது, அந்த அச்சு ஓடு இப்போது கடையில் வருவதில்லை. உங்கள் பக்கம் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், மரத்துக்கு விலை பேசுபவர்கள் வருவதற்குள் போய் ஓட்டைப் பார்த்துவிடுங்கள்.